அட்டை கேட்பதில் என்ன சண்டை? அமெரிக்க வாக்குச் சட்டங்களின் உள்விவரம்

2025 ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில வாக்காளர்கள் ஒரே சீட்டில் இரண்டு முடிவுகளை எடுத்தார்கள். அங்கே மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகளையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பதவிக்கு நின்றவர்களில் ஜனநாயகக் கட்சியின் ஆதரவு பெற்ற சூசன் கிராஃபோர்டை ஏறக்குறைய 10 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தார்கள். அதே சீட்டில் இன்னொரு கேள்வியும் இருந்தது: வாக்களிக்கப் புகைப்பட அடையாள அட்டை கட்டாயம் என்று மாநில அரசமைப்பிலேயே எழுதிவிடலாமா? சுமார் 63 சதவீதம் பேர் ‘ஆம்’ என்றார்கள். இந்தக் கேள்வியைக் கொண்டுவந்தது குடியரசுக் கட்சி. எதிர்த்தது ஜனநாயகக் கட்சி.

ஏழு மாதம் கழித்து மெய்ன் மாநிலத்திலும் அடையாள அட்டைக் கேள்வி மக்கள் முன் வந்தது. அங்கே சுமார் 64 சதவீதம் பேர் ‘வேண்டாம்’ என்று தள்ளிவிட்டார்கள்.

மெய்ன் மக்கள் அட்டைக்கு எதிரிகள் அல்லர். அங்கே கேட்கப்பட்டது அட்டை மட்டும் இல்லை. அதோடு தபால் வாக்குக்கான நாள்களைக் குறைப்பது, தபால் வாக்கைக் கொண்டுவந்து போடும் பெட்டியை ஊருக்கு ஒன்றுக்கு மேல் வைக்கக் கூடாது என்பது, தபால் வாக்குச் சீட்டைத் தொலைபேசியில் கேட்டுப் பெறும் வசதியை நிறுத்துவது, முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒவ்வொரு தேர்தலிலும் தானாகவே சீட்டு வரும் ஏற்பாட்டை ரத்து செய்வது என்று பலதும் ஒரே கட்டாகக் கட்டப்பட்டிருந்தன. எதிர்ப்புப் பிரசாரம் அட்டையை விட்டுக் கட்டின் மற்ற பாகங்களையே அதிகம் பேசியது.

இந்த விவகாரம் முழுவதற்கும் சாவி இங்கேதான் இருக்கிறது. ‘அட்டை காட்ட வேண்டுமா’ என்ற கேள்விக்கு அமெரிக்கப் பொதுமக்கள் எப்போதோ பதில் சொல்லிவிட்டார்கள். காலப் கருத்துக்கணிப்பு 2024 அக்டோபரில் கேட்டபோது 84 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். குடியரசுக் கட்சியினரில் 98 சதவீதம், ஜனநாயகக் கட்சியினரில் 67 சதவீதம். இத்தனை ஒற்றுமை அந்த நாட்டில் வேறு எதிலும் கிடைப்பது அரிது. ஆனால் சட்டம் என்பது அந்த ஒற்றைக் கேள்வி அல்ல. எந்த அட்டை, அதை யார் கொடுப்பார், எந்த நேரத்தில், அது இல்லாதவர் வந்து நின்றால் அடுத்து என்ன ஆகும் என்ற நான்கைந்து உட்பிரிவுகள்தான் சட்டம். சண்டை நடப்பது அங்கே. கருத்துக்கணிப்பு அந்தப் பக்கமே எட்டிப்பார்ப்பதில்லை.

‘வாக்காளர் அட்டை’ என்று மொழிபெயர்த்தால் வரும் குழப்பம்

தமிழில் வாக்காளர் அடையாள அட்டை என்றதும் தேர்தல் ஆணையம் இலவசமாகக் கொடுக்கும், 1993 முதல் புழக்கத்தில் உள்ள அந்தப் படம் போட்ட அட்டை கண்முன் வரும். “அதைக் காட்டச் சொன்னால் என்ன தப்பு?” என்று நம் ஊரில் கேட்பது இயல்பு. அமெரிக்காவில் அப்படி ஓர் அட்டையே கிடையாது. பட்டியலில் பெயர் சேர்ந்ததும் தபாலில் ஒரு பதிவுச் சீட்டு வரும். அதில் படம் இருக்காது. அதைக் காட்டினாலும் கடுமையான மாநிலங்களில் செல்லாது. ஆதார் போல நாடு தழுவிய அடையாள அட்டையும் இல்லை. அங்கே அடையாளம் என்றால் நடைமுறையில் ஓட்டுநர் உரிமம்தான். கார் ஓட்டாதவர், ஓட்டுவதை நிறுத்திவிட்ட முதியவர், நகரத்தில் பஸ்ஸில் போகிற ஏழை, கல்லூரி மாணவர் ஆகியோரிடம்தான் அது இல்லாமல் போகிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. இங்கே பட்டியல் தயாரிப்பது அரசின் வேலை. வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வருகிறார். அட்டை தொலைந்தாலும் ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், பான் அட்டை, படம் ஒட்டிய வங்கி பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை என்று மாற்று ஆவணங்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. சாவடிக்குள் கட்சிகளின் பூத் ஏஜென்ட் உட்கார்ந்து முகம் பார்க்கிறார். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் பதிவு செய்துகொள்வது வாக்காளரின் பொறுப்பு. வீடு மாறினால் மறுபடியும் அவரே போய் மாற்றிக்கொள்ள வேண்டும். விதிகளை எழுதுவது மாநிலங்கள், நடத்துவது கவுன்ட்டிகள் (நம் மாவட்டம் போன்றவை). இன்றைக்கு 36 மாநிலங்கள் சாவடியில் ஏதோ ஒரு வகை அடையாளம் கேட்கின்றன. மீதி மாநிலங்களில் பெயரும் முகவரியும் சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டு வாக்களிக்கலாம்.

பாதி எடுத்துக்கொள்ளப்பட்ட பரிந்துரை

2000 தேர்தலில் ஃப்ளோரிடாவை ஜார்ஜ் புஷ் 537 வாக்குகளில் வென்ற பிறகுதான் வாக்குச் சாவடியின் சில்லறை விதிகள் எல்லாம் தேசிய விவகாரம் ஆயின. 2002இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், தபாலில் பதிவுசெய்து முதல்முறை வாக்களிப்பவர் ஏதாவது ஓர் அடையாளம் காட்ட வேண்டும் என்றது. மின்கட்டண ரசீது கூடப் போதும் என்பதால் பெரிய தகராறு எழவில்லை.

2005இல் முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரும் குடியரசுக் கட்சியின் மூத்த தலைவர் ஜேம்ஸ் பேக்கரும் சேர்ந்து தலைமை தாங்கிய ஒரு குழு புகைப்பட அடையாளத்தைப் பரிந்துரைத்தது. அது இரண்டு பாகங்கள் கொண்ட பரிந்துரை. ஒன்று, சில ஆண்டுகளில் படிப்படியாக அட்டையைக் கட்டாயமாக்குவது. மற்றது, அட்டை இல்லாதவர்களை அரசே தேடிப் போய், நடமாடும் அலுவலகங்கள் மூலம் இலவசமாகக் கொடுப்பது. மாநிலங்கள் முதல் பாகத்தைக் கையில் எடுத்தன. இரண்டாவதற்குச் செலவு அதிகம்; அதை ஏட்டிலேயே விட்டுவிட்டன. இருபது ஆண்டுச் சண்டையில் பெரும்பகுதி இந்த விடுபட்ட பாதியைப் பற்றியதுதான் என்பது எங்கள் கணிப்பு.

அதே ஆண்டு இண்டியானா மாநிலம் கடுமையான சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2008 ஏப்ரலில் 6-க்கு 3 என்று சட்டம் செல்லும் எனத் தீர்ப்பு. முதன்மைக் கருத்தை எழுதியவர் தாராளவாதி என்று பெயர் பெற்ற நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ். சாவடிக்கு நேரில் வந்து இன்னொருவர் பெயரில் வாக்களித்ததற்கு இண்டியானா வரலாற்றில் ஒரு சான்றும் வழக்கில் காட்டப்படவில்லை என்று அவரே எழுதினார். ஆனாலும் மக்களின் நம்பிக்கையைக் காப்பது அரசுக்கு உரிய நோக்கம்தான் என்று சட்டத்தை விட்டுவைத்தார். கீழே முறையீட்டு நீதிமன்றத்தில் அதே சட்டத்தை ஆதரித்துத் தீர்ப்பெழுதிய ரிச்சர்ட் போஸ்னர், தாம் செய்தது தவறு என்று 2013இல் வெளிப்படையாகச் சொன்னார்.

தீர்ப்பு வந்த அடுத்த வாரமே இண்டியானாவில் கட்சி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தல். சவுத் பெண்ட் நகருக்குப் பக்கத்தில் மடம் ஒன்றில் ஓய்வில் இருந்த வயதான கன்னியாஸ்திரீகள் சுமார் ஒரு டஜன் பேர் வாக்களிக்க வந்தார்கள். வண்டி ஓட்டுவதில்லை என்பதால் உரிமம் இல்லை. சிலரிடம் இருந்தது காலாவதியான பாஸ்போர்ட். அவர்களைத் திருப்பி அனுப்பியது, சாவடியில் பணி செய்துகொண்டிருந்த அதே சபையைச் சேர்ந்த இன்னொரு கன்னியாஸ்திரீ. ஆளை நன்றாகத் தெரியும். ஆனால் சட்டம் கேட்டது அட்டையை.

டெக்சாஸில் ஒருவர் வாக்களிக்க வந்தால்

உட்பிரிவுகள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்க டெக்சாஸ் நல்ல இடம். 2011இல் வந்த எஸ்.பி. 14 சட்டத்தில் செல்லுபடியான ஆவணங்கள் ஒரு கைப்பிடிதான்: மாநில ஓட்டுநர் உரிமம், மாநில அடையாள அட்டை, தேர்தலுக்கென்றே கொடுக்கப்படும் இலவசச் சான்று, துப்பாக்கி உரிமம், ராணுவ அட்டை, படம் ஒட்டிய குடியுரிமைச் சான்றிதழ், பாஸ்போர்ட். துப்பாக்கி உரிமம் செல்லும்; அரசுப் பல்கலைக்கழக மாணவர் அட்டை செல்லாது. யாரிடம் எது இருக்கும் என்பதை ஊரில் எல்லோரும் அறிவார்கள். கட்சிக் கணக்கு இல்லை என்று சொன்னால் நம்புவது கஷ்டம்.

இனப்பாகுபாட்டு வரலாறு உள்ள மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்றும்முன் மத்திய அரசின் அனுமதி பெற வேண்டும் என்ற 1965ஆம் ஆண்டு ஏற்பாடு இந்தச் சட்டத்தைத் தடுத்து வைத்திருந்தது. அந்த ஏற்பாட்டை 2013 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் முடக்கியது. அன்றைக்கே டெக்சாஸ் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது. பதிவு செய்த வாக்காளரில் சுமார் 6 லட்சம் பேரிடம், அதாவது 4.5 சதவீதம் பேரிடம், இந்த ஆவணங்களில் எதுவும் இல்லை என்று விசாரணை நீதிமன்றம் கண்டது. இலவசச் சான்று இருக்கிறதே என்று அரசுத் தரப்பு வாதாடியது. 2014 விசாரணை வரை அந்தச் சான்று கொடுக்கப்பட்டது 279 பேருக்கு.

ஏன் இவ்வளவு குறைவு? சான்று இலவசம்; சான்று வாங்கத் தேவையான பிறப்புச் சான்றிதழ் இலவசம் இல்லை. அலுவலகம் சில கவுன்ட்டிகளில் இல்லவே இல்லை. வண்டி ஓட்டாதவர்தான் உரிமம் இல்லாதவர். அவரைத்தான் பக்கத்து கவுன்ட்டிக்கு வண்டியில் வரச் சொல்கிறது ஏற்பாடு. இந்தத் தலைகீழ்க் கணக்கு எல்லா மாநிலத்திலும் திரும்பத் திரும்ப வரும்.

2016இல் முறையீட்டு நீதிமன்றம் சட்டத்தின் விளைவு பாகுபாடானது என்று சொன்ன பிறகு, 2017இல் டெக்சாஸ் அதைத் திருத்தியது. இப்போது நடப்பது இது: பட்டியலில் உள்ள ஏழில் ஒன்றைக் காட்டலாம். 70 வயதுக்கு உட்பட்டவர் என்றால் காலாவதியாகி நான்கு ஆண்டுக்குள் இருந்தால் போதும். 70 கடந்தவருக்கு எத்தனை ஆண்டு பழையதானாலும் செல்லும். எதுவுமே இல்லை, வாங்கவும் முடியவில்லை என்றால் காரணத்தை எழுதி உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டு, பெயரும் முகவரியும் உள்ள மின்ரசீது, வங்கிக் கணக்குத் தாள், சம்பளச் சீட்டு என ஏதாவது ஒன்றைக் காட்டி வழக்கமான வாக்கையே போடலாம். அதுவும் முடியாதவர் நிபந்தனை வாக்கு போடலாம். அது தனி உறையில் போகும். ஆறு நாளுக்குள் கவுன்ட்டி அலுவலகத்துக்குப் போய் அட்டையைக் காட்டினால்தான் எண்ணப்படும். (நம் ஊர் டெண்டர் வாக்கோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது உங்கள் வாக்கை வேறொருவர் போட்டுவிட்டால் கொடுப்பது.)

இந்த உறுதிமொழிப் படிவம் என்ற ஒரே ஒரு உட்பிரிவு சட்டத்தின் குணத்தையே மாற்றிவிடுகிறது. இருந்தால் சட்டம் மிதமானது, இல்லாவிட்டால் கடுமையானது. “புகைப்பட அடையாளத்தை ஆதரிக்கிறீர்களா?” என்று கேட்கும் கருத்துக்கணிப்பில் இரண்டும் ஒன்றாகவே விழும்.

ஐந்தாவது புதன்கிழமை

விஸ்கான்சின் சட்டம் 2011இல் நிறைவேறி, வழக்குகளில் சிக்கி, 2016இல்தான் முழு வீச்சில் நடைமுறைக்கு வந்தது. அட்டை கொடுக்க வேண்டியது வாகனத் துறை. அதன் கிளைகளில் ஒன்று சாக் சிட்டி என்ற சிறு ஊரில் இருந்தது. அது திறந்திருந்தது மாதத்தின் ஐந்தாவது புதன்கிழமை மட்டும். நாள்காட்டியைப் புரட்டினால் 2016இல் ஐந்து புதன் உள்ள மாதங்கள் நான்கே: மார்ச், ஜூன், ஆகஸ்ட், நவம்பர். நவம்பரின் ஐந்தாவது புதன் 30ஆம் தேதி. ஜனாதிபதித் தேர்தல் 8ஆம் தேதியே முடிந்துவிட்டது. ஆக, வாக்குக்கு முன் மூன்று நாள்.

சதி என்று சொல்ல இதில் எதுவும் இல்லை. தேர்தலோடு சம்பந்தமே இல்லாத ஒரு துறை, செலவைக் குறைக்க வைத்துக்கொண்ட நேர அட்டவணை. சட்டம் அந்தத் துறையின் தலையில் வாக்குரிமையைக் கொண்டுபோய்க் கட்டியபோதுதான் அது பிரச்சினை ஆனது. அலபாமாவில் புகைப்பட விதி 2014இல் அமலானது. மறுவருடமே நிதிப் பற்றாக்குறை என்று 31 உரிம அலுவலகங்களை மூட அரசு அறிவித்தது. கறுப்பின மக்கள் அதிகம் வாழும் கவுன்ட்டிகள் பல அந்தப் பட்டியலில் இருந்தன. கூச்சல் எழுந்ததும் பின்வாங்கினார்கள்.

பெயர்ப் பொருத்தம் இன்னொரு முள். பதிவு விண்ணப்பத்தில் உள்ள பெயரும் அரசுப் பதிவேட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும் என்று ஒரு விதி வைத்தால் என்ன ஆகும் என்பதை ஜார்ஜியா 2018இல் காட்டியது. இடைக்கோடு விட்டுப்போனது, ஓர் எழுத்து மாறியது போன்ற காரணங்களால் சுமார் 53,000 பதிவு விண்ணப்பங்கள் நிலுவையில் நின்றன. அவற்றில் ஏறத்தாழ 70 சதவீதம் கறுப்பினத்தவருடையவை. அப்போது தேர்தலை நடத்தும் மாநிலச் செயலராக இருந்த பிரையன் கெம்ப், அதே தேர்தலில் ஆளுநர் பதவிக்கு வேட்பாளரும்கூட. டெக்சாஸில் பெயர் ‘பெரும்பாலும் ஒத்திருந்தால்’, அதற்கென உள்ள கட்டத்துக்குள் சுருக்கொப்பமிட்டு வாக்களிக்கலாம். இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் கடைசிப் பெயராக்கி, பாஸ்போர்ட்டில் ஒரு வரிசை, உரிமத்தில் ஒரு வரிசை என்று வாழும் அமெரிக்கத் தமிழர்களுக்கு இந்த விதியின் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கள்ள ஓட்டு எங்கே நடக்கிறது?

ஆளையே மாற்றிப் போடும் வாக்குக்குத் தமிழில் ‘கள்ள ஓட்டு’ என்று தனிச்சொல் இருக்கிறது. அமெரிக்கச் சாவடியில் அட்டை தடுக்கக்கூடியது இது ஒன்றைத்தான். சட்டப் பேராசிரியர் ஜஸ்டின் லெவிட் 2000 முதல் 2014 வரை 100 கோடிக்கு மேற்பட்ட வாக்குகளில் தேடியபோது, நம்பத்தக்கதாக 31 நிகழ்வுகள்தான் கிடைத்தன. அட்டை கேட்காத இடத்தில் கண்டுபிடிப்பது எப்படி என்று எதிர்த்தரப்பு கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் உண்மையான ஆள் பிறகு வந்து நின்றால் குட்டு உடையும். இறந்தவர் பெயரில் போட்டிருந்தால் பட்டியலோடு ஒப்பிடும்போது தெரியும். ஒரே ஒரு கூடுதல் வாக்குக்காகச் சிறைத் தண்டனை என்பது யாருக்கும் லாபக் கணக்கு அல்ல. தேர்தலையே புரட்ட வேண்டுமானால் நூற்றுக்கணக்கான ஆள்களைச் சாவடி சாவடியாக அனுப்ப வேண்டும்.

மோசடி செய்ய நினைப்பவர் தபால் வாக்குக்குப் போவார். போயிருக்கிறார்கள். 2018இல் வட கரோலினாவின் 9ஆவது நாடாளுமன்றத் தொகுதியில் குடியரசுக் கட்சி வேட்பாளர் 905 வாக்கு முன்னிலை. அவருக்காக வேலை செய்தவர்கள் பிளேடன் கவுன்ட்டியில் வீடு வீடாகப் போய்த் தபால் சீட்டுகளை வாங்கிக் குவித்தது வெளியே வந்து, முடிவே ரத்தாகி மறுதேர்தல் நடந்தது. சாவடியில் எத்தனை கடுமையான அட்டை விதி இருந்திருந்தாலும் இது நின்றிருக்காது.

அப்படியானால் தபாலுக்கும் அடையாளம் கேட்போம் என்று 2021இல் டெக்சாஸ் இறங்கியது. விதி கேட்க எளிமையானது: உறையில் ஓட்டுநர் உரிம எண்ணையோ, வரி, ஓய்வூதியம் போன்றவற்றுக்கு மத்திய அரசு தரும் சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையோ எழுதுங்கள், பதிவேட்டில் உள்ளதோடு பொருந்த வேண்டும். 2022 மார்ச் முதல்நிலைத் தேர்தலில் வந்த தபால் வாக்குகளில் ஏறத்தாழ 12 சதவீதம், 24,000-க்கும் மேல், நிராகரிக்கப்பட்டன. காரணங்கள் அற்பமானவை. எண் எழுதும் கட்டம் உறையின் மடிப்புக்கு அடியில் இருந்ததால் பலர் கண்ணில் படவில்லை. பார்த்தவர்களில் சிலர் உரிம எண்ணை எழுதினார்கள். ஆனால் முப்பது ஆண்டுக்கு முன் பதிவு செய்தபோது கொடுத்தது மற்ற எண்ணை. எந்த எண்ணைக் கொடுத்தோம் என்று யாருக்கு நினைவிருக்கும்? இதில் இன்னொரு வேடிக்கை, டெக்சாஸில் தபால் வாக்கு போடுவோரில் பெரும்பாலோர் 65 வயது தாண்டியவர்கள். இரு கட்சி முதியவர்களும் அடிபட்டார்கள். உறையை மாற்றி வடிவமைத்து, இரண்டு எண்ணையும் எழுதச் சொல்லிக் கொடுத்த பிறகு நவம்பரில் நிராகரிப்பு 3 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது.

இரு தரப்பும் சொல்லும் அளவுக்கு இல்லை

அட்டைச் சட்டம் வாக்குப்பதிவை நொறுக்கிவிடும் என்ற அச்சத்துக்கும் சான்று பலவீனம். 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு சிறுபான்மையினர் வாக்குப்பதிவு பெரிதும் சரிகிறது என்றது. மாநிலவாரி ஒப்பீட்டுக்கு உகந்திராத சர்வே தரவை வைத்து எழுதியது அது. மறு ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதே தரவைத் திரும்பப் போட்டுப் பார்த்து, முடிவு நிலைக்கவில்லை என்று காட்டினார்கள். என்ரிகோ கன்டோனியும் வின்சென்ட் போன்ஸும் 2008 முதல் 2018 வரை நாடு முழுவதுக்குமான தரவை வைத்து 2021இல் வெளியிட்ட ஆய்வு, கடுமையான சட்டங்களால் எந்த இனத்தின் வாக்குப்பதிவும் அளவிடக்கூடிய அளவுக்குக் குறையவில்லை என்றது. அதே ஆய்வின் மற்ற பாதியை குடியரசுக் கட்சியினர் மேற்கோள் காட்டுவதில்லை: மோசடியும் குறையவில்லை, தேர்தல் மீது மக்களின் நம்பிக்கையும் கூடவில்லை. மத்திய அரசின் தணிக்கை அமைப்பு 2014இல் கேன்சஸையும் டென்னசியையும் ஆராய்ந்தபோது மட்டும் இரண்டு மூன்று புள்ளி சரிவு தெரிந்தது.

விளைவு ஏன் சிறியது? அட்டை இல்லாதவர்களில் பலர் முன்பும் வாக்களிக்க வராதவர்கள். சட்டம் வந்ததும் எதிர்க்கட்சி ஆள்கள் வீடு வீடாகப் போய் அட்டை வாங்க வைக்கிறார்கள். கோபத்தில் வருகிறவர்களும் உண்டு. ஆனால் சராசரி மாறவில்லை என்பது திருப்பி அனுப்பப்பட்ட ஆளுக்கு ஆறுதல் ஆகாது. உரிமை தனிமனிதருடையது, புள்ளிவிவரம் கூட்டத்துடையது. நீதிமன்றங்களும் ஆய்வாளர்களும் வேறு வேறு முடிவுக்கு வருவதற்குக் காரணம் இதுதான்.

நோக்கம் பற்றிய சந்தேகம் எங்கிருந்து வந்தது என்றால், அதைக் கிளப்பியவர்களில் சட்டத்தை எழுதியவர்களும் உண்டு. 2012இல் பென்சில்வேனியா சட்டமன்றத்தில் குடியரசுக் கட்சித் தலைவராக இருந்த மைக் டர்சாய், அட்டைச் சட்டம் தம் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் மிட் ராம்னியை மாநிலத்தில் ஜெயிக்க வைக்கப்போகிறது என்று கூட்டத்திலேயே பெருமையாகப் பேசினார். (அந்தத் தேர்தலில் சட்டம் அமலாகாதபடி நீதிமன்றம் தடுத்தது, பென்சில்வேனியாவை ஒபாமா வென்றார்.) வட கரோலினா சட்டமன்றம், எந்த இனத்தவர் எந்த முறையில் வாக்களிக்கிறார்கள் என்ற தரவைக் கேட்டு வாங்கிக்கொண்டு 2013இல் சட்டம் எழுதியது. அது கறுப்பினத்தவரை ‘அறுவைச் சிகிச்சை போன்ற துல்லியத்தோடு’ குறிவைத்தது என்று சொல்லி 2016இல் முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. 2018இல் அதே மாநில மக்கள், புகைப்பட அடையாளத்தை அரசமைப்பில் சேர்க்கச் சுமார் 55 சதவீத வாக்கால் ஒப்புக்கொண்டார்கள் என்பதும் உண்மை.

ஜனநாயகக் கட்சியும் நகர்ந்திருக்கிறது. 2021 ஜூனில் செனட்டர் ஜோ மான்சின், மின்ரசீது உட்படப் பலவற்றை ஏற்கும் அடையாள விதியோடு ஒரு சமரசத் திட்டம் வைத்தபோது, வாக்குரிமைப் போராட்டத்தின் முகமான ஸ்டேசி ஏப்ரம்ஸ் அதை ஏற்கத் தயார் என்றார். குடியரசுக் கட்சி ஏற்கவில்லை. ஆக, அட்டை என்ற கொள்கையில் அல்ல, ஆவணப் பட்டியலின் நீளத்தில்தான் தகராறு.

யாருக்கு லாபம் என்ற பழைய கணக்கும் புரண்டுவிட்டது. எப்போதாவது வாக்களிப்பவர்கள் ஒருகாலத்தில் ஜனநாயகக் கட்சியின் பக்கம் சாய்ந்தவர்கள். 2024இல் வாக்களிக்காதவர்கள் வாக்களித்திருந்தால் யாருக்கு என்று பியூ ஆய்வு மையம் கேட்டபோது ட்ரம்புக்கு 44, ஹாரிஸுக்கு 40 சதவீதம் என்று வந்தது. தடையை உயர்த்தினால் யார் காலில் இடிக்கும் என்பது இனி நிச்சயமில்லை.

80 சதவீத ஆதரவு கரைந்த விதம்

மினசோட்டாவில் 2011 மே மாதக் கருத்துக்கணிப்பு புகைப்பட அடையாளத்துக்கு 80 சதவீத ஆதரவைக் காட்டியது. 2012 நவம்பரில் அரசமைப்புத் திருத்தமாக அது வாக்குக்கு வந்தபோது கிடைத்தது சுமார் 46 சதவீதம். இடையில் நடந்தது விவர விளக்கம். குடியரசுக் கட்சியின் முன்னாள் ஆளுநர் ஆர்னி கார்ல்சனும் ஜனநாயகக் கட்சியின் ஆளுநர் மார்க் டேட்டனும் ஒரே விளம்பரத்தில் வந்து எதிர்த்தார்கள். செலவு யார் தலையில், தேர்தல் நாளன்றே பதிவு செய்யும் வசதி என்ன ஆகும், வெளிநாட்டில் இருக்கும் ராணுவத்தினர் எப்படிக் காட்டுவார்கள் என்று கேட்டார்கள்.  அட்டையை எதிர்க்கிறவர்கள் ஜெயித்த இடங்களில் எல்லாம், மினசோட்டாவிலும் மெய்னிலும், வாதம் இப்படிச் சில்லறை விவரத்தில்தான் ஓடியது. அரிசோனாவில் 2022இல் தபால் வாக்குக்கு எண் கேட்கும் யோசனை ஒரு சதவீதத்துக்கும் குறைவான இடைவெளியில் தோற்றது. நெவாடாவில் வெறும் அட்டைக் கேள்வி 2024இல் 73 சதவீதம் பெற்றது; அங்கே விதிப்படி 2026 நவம்பரில் இரண்டாம் முறையும் ஜெயித்தால்தான் சட்டம்.

அடுத்த சுற்று: குடியுரிமைக்குச் சான்று

சண்டை இப்போது சாவடியிலிருந்து பதிவு மேசைக்கு இடம் பெயர்ந்துவிட்டது. (தமிழ்நாட்டில் 2025 இறுதியில் வந்த வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தத் திசை புதிதல்ல.) குடிமகன் அல்லாதவர் மத்தியத் தேர்தலில் வாக்களிப்பது 1996 முதல் தனிக் குற்றம். சிறையும் நாடுகடத்தலும் உண்டு. பதிவுப் படிவத்தில் ‘நான் குடிமகன்’ என்று உறுதிமொழி கொடுத்தால் போதும் என்பது பெரும்பாலான மாநிலங்களில் நடைமுறை. உறுதிமொழி போதாது, ஆவணம் வேண்டும் என்பது புதிய கோரிக்கை. காலப் கணிப்பில் இதற்கும் 83 சதவீத ஆதரவு.

கேன்சஸ் இதை 2013 முதல் செய்து பார்த்துவிட்டது. பிறப்புச் சான்றிதழோ பாஸ்போர்ட்டோ கேட்டதால் 31,000-க்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் நின்றுபோயின. புதிதாகப் பதிவு செய்ய வந்தவர்களில் சுமார் 12 சதவீதம். 1999 முதல் பட்டியலில் ஏறியிருந்த குடிமகன் அல்லாதவர்களாக நீதிமன்றத்தில் உறுதியானவர்கள் 39 பேர். அவர்களிலும் பலர் அலுவலகக் குளறுபடியால் ஏறியவர்கள். 2018இல் சட்டத்தை ரத்து செய்த நீதிபதி ஜூலி ராபின்சன், தாமே ஆஜராகி வாதாடிய மாநிலச் செயலர் கிரிஸ் கோபாக்கை ஆறு மணி நேரம் கூடுதலாகச் சட்டப் பாடம் படிக்கும்படி உத்தரவிட்டதும் அந்தத் தீர்ப்பில்தான்.

2024 ஜூலையிலும் 2025 ஏப்ரலிலும் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய ‘சேவ்’ மசோதா, கேன்சஸ் விதியை நாடு முழுவதற்கும் விரிக்கப் பார்த்தது. பாதுகாப்பு அம்சம் கூட்டப்பட்ட ‘ரியல் ஐடி’ உரிமம் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. சட்டப்படி தங்கியிருக்கும் வெளிநாட்டவருக்கும் அது கிடைக்கும். பெரும்பாலான மாநிலங்களின் உரிமத்தில் குடியுரிமை பற்றி ஒரு வரியும் இருக்காது. வாஷிங்டன், மிஷிகன், மினசோட்டா, நியூயார்க், வெர்மான்ட் ஆகிய ஐந்து மாநிலங்களில் மட்டும் குடிமக்களுக்கென்றே தனி வகை உரிமம் உண்டு. மற்றவருக்கு மிஞ்சுவது பாஸ்போர்ட், இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழ். திருமணத்துக்குப் பின் கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்ட பெண்ணின் பிறப்புச் சான்றிதழில் இருப்பது பழைய பெயர். நியூ ஹாம்ப்ஷயர் இதே மாதிரிச் சட்டத்தோடு 2025 மார்ச்சில் ஊர்த் தேர்தல் நடத்தியபோது பெண்கள் சிலர் இந்தக் காரணத்துக்காகவே வீட்டுக்குத் திரும்பிப் போய்த் திருமணச் சான்றிதழ் தேட வேண்டியிருந்தது.

ஆவணம் இருந்தாலும் பதிவேடு பிழைத்தால் என்ன ஆகும் என்பதை அரிசோனா காட்டியது. குடியுரிமைச் சான்று கேட்கும் மாநிலம் அது. 1996 அக்டோபருக்கு முன் வழங்கிய உரிமங்களுக்குச் சான்று கேட்கப்படவில்லை. அந்தப் பழைய உரிமக்காரர்கள் சிலர் நகல் உரிமம் வாங்கியபோது, கணினி புதுத் தேதியை எடுத்துக்கொண்டு ‘சான்று உள்ளது’ என்று பதிந்துவந்தது தெரிய 2024 செப்டம்பர் ஆனது. முதலில் 98,000 பேர் என்றார்கள். பிறகு எண்ணிக்கை 2 லட்சத்தைத் தாண்டியது. பல பத்தாண்டுகளாக அங்கேயே வாழும் நடுத்தர வயதினரும் முதியவர்களும். கட்சிவாரியாகப் பார்த்தால் குடியரசுக் கட்சியினரே பெரிய பங்கு. உடனே மாநிலக் குடியரசுக் கட்சியே நீதிமன்றத்தில், இவர்களை மாநிலப் பதவிகளுக்கும் சேர்த்து முழுச் சீட்டிலும் வாக்களிக்க விடுங்கள் என்று கேட்டது. நீதிமன்றமும் விட்டது.

குடியேறிக் குடியுரிமை பெற்றவர்களுக்கு இதில் தனி ஆபத்து. பெரும்பாலோர் கிரீன் கார்டு காலத்திலோ அதற்கும் முன்போ ஓட்டுநர் உரிமம் வாங்கியிருப்பார்கள். வாகனத் துறைக் கோப்பில் ‘வெளிநாட்டவர்’ என்று இருக்கும். சத்தியப்பிரமாணம் எடுத்த பிறகு அந்தக் கோப்பு தானாக மாறாது. 2019 ஜனவரியில் டெக்சாஸ் சுமார் 95,000 பேரைக் குடிமகன் அல்லாதவர் என்ற சந்தேகப் பட்டியலில் போட்டது. சில நாள்களிலேயே அவர்களில் சுமார் 25,000 பேர் முறைப்படி குடியுரிமை பெற்றவர்கள் என்று தெரிந்து, வழக்கு சமரசமாகி, பட்டியலை வெளியிட்ட மாநிலச் செயலர் பதவி விலகினார்.

ஆகவே குடியுரிமைச் சான்றிதழ் கைக்கு வந்ததும் மூன்று இடங்களுக்குப் போக வேண்டும். சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் நிலையை மாற்ற வேண்டும். வாகனத் துறையில் உரிமக் கோப்பைத் திருத்த வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மூன்றிலும் பெயர் ஒரே வரிசையில், ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கட்டும். பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு அசல் சான்றிதழையே கொடுக்க வேண்டியிருக்கும், அது தனி உறையில் திரும்பி வரும். அந்த உறையைப் பத்திரப்படுத்துங்கள். தொலைந்தால் மாற்றுச் சான்றிதழுக்கு 2024 ஏப்ரலில் மாறிய கட்டணப்படி காகித விண்ணப்பத்துக்கு 555 டாலர், இணையவழியில் 505 டாலர்.